கண்டக்டருக்கான மாத்திரை

நாலுக்குள் இருக்க வேண்டிய எண் டிரைவருக்குப் பதினொன்றாக இருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்ன முதல் விஷயம் அதுதான். டிரைவருக்கு வயது ஐம்பத்து நாலு. அதில் பாதியை நெடுந்தூரப் பேருந்தின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர். "ஏழுதானே மேடம் கூட இருக்கு" என்று சிரித்துப் பார்த்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவர் வந்ததே அரை மனதாகத்தான். கொஞ்ச நாளாகச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வழியில் சாப்பாட்டுக்கு வண்டி நின்றால், பயணிகள் எல்லோரும் கை கழுவி ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் கழிப்பறைச் சுவரைப் பார்த்தபடி நின்றிருப்பார். பின்சீட்டிலிருந்து எவனாவது, "டிரைவர் உள்ளேயே குடித்தனம் போயிட்டாரா?" என்று குரல் கொடுப்பான். பஸ்ஸே சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் அவரை டாக்டரிடம் தள்ளியது.

"மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "அதுல அழற்சி வந்து வீங்கினாலும் இந்த எண் ஏறும். புற்றுநோய் வந்தாலும் ஏறும். ரத்தத்தை மட்டும் வச்சு எதுன்னு சொல்ல முடியாது."

"அப்ப எப்படித் தெரியும்?"

"ஊசி விட்டுச் சதையை எடுத்துப் பார்க்கணும்."

"எந்தப் பக்கமா ஊசி?"

டாக்டரம்மா சொன்னார். டிரைவர் நாற்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு முன்னால இன்னொரு சோதனை பண்ணிப் பார்க்கலாம். ஆராய்ச்சியாத்தான் நடக்குது. அழற்சி இருந்தா சில புரதங்கள் சிறுநீர்ல கலந்து வரும். அது நிறைய இருந்தா முதல்ல மாத்திரை. இல்லைன்னா நேரா ஊசி. நாளைக்குக் காலையில முதல் சிறுநீரைப் பிடிச்சுக் கொண்டு வாங்க."

இங்கேதான் டிப்போவின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி வருஷத்துக்கு ஒரு தடவை டிரைவர்களின் சிறுநீரைப் பரிசோதிக்கும். சர்க்கரை தெரிந்தால் நெடுந்தூர வண்டி போயிற்று. பிறகு ஷெட்டுக்குள்ளேயே பஸ்ஸை முன்னே பின்னே நகர்த்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதனால் சர்க்கரை உள்ள டிரைவர்கள் சொந்தச் சரக்கைக் கொடுப்பதில்லை. சர்க்கரை இல்லாத ஆளிடம் வாங்கி, சூடு ஆறாமலிருக்கக் குப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போவார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு வாரி வழங்கியவர் டிரைவரோடு அதே வண்டியில் போகும் கண்டக்டர். நாற்பது வயது, ஒல்லி, சர்க்கரை என்றால் டீயில் மட்டும். டிப்போ அவருக்கு வைத்த பெயர் தீர்த்தம்.

நம் டிரைவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. மனைவிக்குத் தெரியும், தீர்த்தத்துக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் டிரைவர் போய்க் கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்னண்ணே, போன மாசம்தானே செக்கப் முடிஞ்சுது?" கண்டக்டர் கண்ணைக் கசக்கினார்.

"இது பெரிய ஆஸ்பத்திரி. ஆனா கம்பெனி சேர்த்துவிட்ட இடம். அங்க சர்க்கரை தெரிஞ்சா சாயங்காலமே ஆபீசுக்குப் போயிடும்."

"அண்ணே, இது என்னமோ வியாதிக்குப் பார்க்கிறாங்கன்னு சொன்னீங்களே?"

"வியாதி ரத்தத்துலதான்டா காட்டியிருக்கு. இது சும்மா ஒரு சாங்கியம். போ, பிடிச்சுட்டு வா."

கண்டக்டர் குப்பியோடு உள்ளே போனார். வருவதற்கு வழக்கத்தைவிட நேரமானது. டிரைவர் வாசலில் நின்றபடி பொறுமையில்லாமல் இருமினார்.

முடிவு வந்தபோது டாக்டரம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "அழற்சிக்கான புரதம் எக்கச்சக்கமா இருக்கு. இப்போதைக்கு ஊசி வேண்டாம், ஆறு வாரம் மாத்திரை சாப்பிடுங்க. ஆனா முடிஞ்சதும் கண்டிப்பா மறுபடி ரத்தம் பார்க்கணும். இந்தச் சோதனை ஒரு கைகாட்டிதான், தீர்ப்பு இல்லை."

அந்தக் குப்பி யாருடையது என்ற நினைப்பு டிரைவருக்கு வராமல் இல்லை. வந்தது, தொண்டை வரை வந்தது. ஆனால் ஊசி இல்லை என்ற வார்த்தை அதற்கு முன்னால் காதில் விழுந்துவிட்டது. ரத்தம் நம்முடையதுதானே, இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தானே சொல்லியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படியிறங்கினார். வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம், "வெறும் வீக்கம்தான்" என்றார். அவள் மிதியை நிறுத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். எந்தக் குப்பி போனது என்று அவளுக்கு அவர் சொல்லவில்லை.

மாத்திரையை ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். சொட்டு சொட்டாகவே இருந்தது. மறு பரிசோதனைக்கு இந்த வாரம், அடுத்த வாரம் என்று ஐந்து மாதம் ஓடிவிட்டது. கடைசியில் இடுப்பெலும்பில் வலி பிடித்து, கியர் மாற்றும்போதெல்லாம் பல்லைக் கடிக்க ஆரம்பித்தார். மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

எண் முப்பத்தெட்டு.

டாக்டரம்மா பழைய தாளையும் புதிய தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அவ்வளவு அழற்சி இருந்ததுக்கு, மாத்திரைக்கு இது கொஞ்சமாவது இறங்கியிருக்கணுமே. இப்பவே இங்கேயே சிறுநீர் கொடுங்க."

இந்தத் தடவை கழிப்பறை வாசலில் நர்ஸ் நின்றாள். சட்டைக்குள் ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் நின்று, அரைக் குப்பி கொண்டு வந்தார். நர்ஸ் காகிதப் பட்டையை முக்கி எடுத்ததும் அது நிறம் மாறியது.

"சர்க்கரை இவ்வளவு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "போன தடவை கொஞ்சம்கூட இல்லையே. எப்படி?"

டிரைவர் மேஜை விளிம்பைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். டிப்போ சமாசாரம் தெரிந்தவள். அவளுக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இங்கயுமா?" என்றாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவள் சொன்னாள்.

டாக்டரம்மா திட்டுவார் என்று டிரைவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த ஆளை உடனே வரச் சொல்லுங்க. அழற்சிக்கு வைத்தியம் பார்க்க வேண்டியது அவருக்கு" என்றார். அதே மூச்சில் நர்ஸிடம் ஊசிக்கு நாள் குறிக்கச் சொன்னார்.

சதையில் புற்றுநோய் இருந்தது. ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே பார்த்திருந்தா?" மனைவி கேட்டாள்.

"அப்பவே பரவியிருக்கலாம். பரவாமலும் இருந்திருக்கலாம். இனிமே யாராலும் சொல்ல முடியாதும்மா."

டிப்போவில் பஸ் கழுவும் இடத்தில் டிரைவர் கண்டக்டரைப் பிடித்தார். சோப்புத் தண்ணீர் இருவர் செருப்புக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கண்டக்டர் முதலில் சிரித்தார்.

"என்னண்ணே சொல்றீங்க, என் தீர்த்தம் கெட்டுப்போச்சா?"

"சிரிக்காதடா. எரியுதா உனக்கு?"

சிரிப்பு நின்றது. "ரெண்டு வருஷமா எரியுது. நாளெல்லாம் இன்ஜின் பக்கத்துல நிக்கிறோம், உடம்புச் சூடுன்னு விட்டுட்டேன். அன்னிக்குக் காலையில உங்களை வாசல்ல காக்க வச்சேனே, வலியில வரலைண்ணே."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிண்ணே சொல்றது? சுத்தமான ஆளுன்னுதானே எங்கிட்ட வர்றீங்க எல்லாரும்."

"ஆறு வாரம் உன் மாத்திரையை நான் தின்னேன்டா" என்றார் டிரைவர்.

"என்னாலதானே அண்ணே" என்றார் கண்டக்டர்.

"கதவைத் தட்டுனது நான்." டிரைவர் அவர் தோளைத் தொட்டார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கழுவிய பஸ்ஸின் படியில் மெல்ல உட்கார்ந்தார். அந்த வண்டிக்கு வேறு டிரைவர் வந்தாயிற்று. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். "யாருங்க அது, வண்டி எடுக்கணும்" என்றான். கண்டக்டர் அவனை முறைத்தார். டிரைவர் எழுந்து வழிவிட்டார்.

கண்டக்டர் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டிரைவருக்கு நோயை அடக்கி வைக்கும் ஊசி, புதன்கிழமை முதலாவது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று, உயிர் இருக்கிற வரைக்கும்.