ஜீப்பில் தட்டிய சத்தம்

குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்பதால் வீட்டில் அவனுக்கு இன்ஜினியர் என்றே பெயர். மிக்சி முனகினாலும் குழாய் ஒழுகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் காரணம் சொல்லாமல் விட்டதில்லை. பழுது மட்டும் அப்படியே இருக்கும்.

அக்கா புருஷன் மலைப்பாதையில் சுமை ஏற்றிப் போகும் ஜீப், ஓடும்போது 'டொக் டொக்' என்று தட்ட ஆரம்பித்தது. இன்ஜினியர் ஜீப்பை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, மெக்கானிக்குகள் செய்வதுபோல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடினான். தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லத்தான் படித்தவனுக்கு வாய் வரவில்லை.

"பேரிங் போச்சு மாமா. எஞ்சினை இறக்கணும்."

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. எஞ்சினை இறக்கினால் பதினைந்து நாள் பிழைப்பு போச்சு.

"ஏன்டா, நேத்து இறக்கத்துல இவர் எஞ்சினை அணைச்சுட்டுதான் வந்தார். அப்பவும் தட்டிச்சே. அணைஞ்ச எஞ்சின் எப்படிடா தட்டும்?" என்றாள் அக்கா.

இவன் படிக்க வேண்டும் என்பதற்காக எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் அவள்.

அவளே போய்ப் பின்சீட்டைத் தூக்கினாள். அடியில் கட்டாமல் கிடந்த ஜாக்கி, குலுங்கிக் குலுங்கித் தகரத்தில் பள்ளமே போட்டிருந்தது.

"நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அதாவது, அதிர்வு வந்து..."

"காரணத்தை அப்புறம் சொல்லு தம்பி. முதல்ல இதைக் கட்டு," என்று கயிற்றை நீட்டினாள்.

கட்டினான். அந்த முடிச்சையும் அவள்தான் அவிழ்த்துத் திரும்பப் போட வேண்டியிருந்தது.