மன்னிப்புக் கேட்டது அவள்

தவறு செய்தவள் நான். மன்னிப்புக் கேட்டது ஒன்பது வயதுக் குழந்தை. நானும் பெருந்தன்மையாக அவளை மன்னித்துவிட்டேன்! இதைவிடக் கேவலமாக ஓர் ஆசிரியை என்ன செய்துவிட முடியும்? படிக்கிற நீங்களே சொல்லுங்கள்.

தாராபுரம் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. மதிய உணவு போட ஆரம்பித்த புதிது. எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. நான்காம் வகுப்பில் நூர்ஜஹான் என்றொரு சிறுமி. அவள் அப்பா தெருத்தெருவாகப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். வீட்டில் இரவு மட்டும்தான் அடுப்பு எரியும். பள்ளிச் சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்குவாள். சாப்பிடும்போதும் வாய் ஓயாது.

அது ரமலான் மாதம். வாழ்க்கையிலேயே முதல் நோன்பு வைத்திருப்பதாகக் காலையிலேயே என் காதில் வந்து சொன்னாள். எத்தனை பெருமை அந்த முகத்தில்! நானும் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினேன். ஆம்... எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

மத்தியானம், பள்ளிக்கு அரிசி தருகிற பண்ணாடி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஊரிலேயே பெரிய நிலக்காரர். சுவரோரம் தட்டில்லாமல் நின்றவளைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ளைக்கு நம்ம சோறு ஆகாதுங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். காரணத்தைச் சொல்லியிருந்தால் சரியென்று போயிருப்பார். ஆனால் பின்னால் நின்ற தலைமை ஆசிரியர் என்னை முறைத்தார். வேலை போய்விடுமோ என்று அந்த ஒரு முறைப்புக்கே பயந்துபோனேன்.

தட்டை நானே கொண்டுபோய் அவள் கையில் திணித்தேன். "ஒரே ஒரு வாய் போட்டுக்க கண்ணு. அவிய போனதும் எந்திரிச்சுக்கலாம்."

"நோம்புங்க டீச்சர்..."

"சாப்புடுன்னா சாப்புடு!"

சாப்பிட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

அவர்கள் போனதும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "தப்புப் பண்ணிப்போட்டேனுங்க டீச்சர். எங்க அத்தாகிட்டச் சொல்லிப்போடாதீங்க..." அப்பாவை அவள் அத்தா என்பாள்.

தப்பு என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அத்தா வந்து நியாயம் கேட்டால் என் வேலை என்னாவது? குழந்தையின் பயம் எனக்கு வசதியாக இருந்தது... "சரி, சரி. சொல்லமாட்டேன், போ" என்றேன்.

ரமலான் முடிந்தது, பெருநாளும் போனது. அவள் மட்டும் அதன்பிறகு சாப்பிட வரவேயில்லை. மணியடித்ததும் வகுப்பிலேயே தனியாக உட்கார்ந்துவிடுவாள். "பசிக்கலீங்க டீச்சர்." விரல் நகங்களை ரத்தம் வரக் கடித்தாள். பேச்சு அறவே நின்றுபோனது. தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொள்கிறாள் என்று எனக்குப் புரியாமலா இருந்தது? கிளறினால் எல்லாம் வெளியே வந்துவிடுமே என்று பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன்!

பல வருடம் கழித்து, கோயமுத்தூரில் உடன் வேலை பார்த்த பாத்திமா டீச்சரிடம் இதை யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னேன். அப்போதும் கோழைதான்.

"அந்த வயசுப் புள்ளைக்கு நோம்பு கடமையே இல்லீங்களே! பெத்தவிங்ககிட்டச் சொல்லியிருந்தா மடியில வெச்சுக் கொஞ்சியிருப்பாங்க. யாருங்க அந்தப் புள்ளையச் சொல்ல உடாமப் பண்ணுனது?"

நான் பேச்சை மாற்றினேன்.

ஒன்று பாக்கியிருக்கிறது. இதைப் பாத்திமா டீச்சரிடம்கூடச் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு முந்தின நாள், எல்லோரும் போனபிறகு நூர்ஜஹான் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நீங்க யாருகிட்டயும் சொல்லலீங்க டீச்சர். ரொம்ப நல்லவிங்க நீங்க."

நான் தலையாட்டினேன். ஆம்... தலையாட்டினேன்!