கட்டுக்குள் இருக்கிறது

மைக்ரான் அக்காவைத் தெரியாதவர் எங்கள் தொழிற்சாலையில் யாராவது இருந்தால், அவர் இன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருப்பார். ஆள் குள்ளம் என்பதால் வைத்த பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அளவு ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பிசகினாலும் உருப்படியைத் தூக்கி ஒதுக்கிவிடுவாள், அதற்காக வைத்த பெயர். அவள் எல்லாருக்கும் அக்கா. அந்த முறையில் அவள் புருஷன் எல்லாருக்கும் அத்தான், மேனேஜர் உட்பட. அத்தான் கிரைண்டிங் மிஷினில் பம்புத் தண்டுகளைத் தேய்ப்பார், அக்கா அளப்பாள். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான். அவர் தேய்த்த தண்டை 'இது தேறாது' என்று அவள் திருப்பி அனுப்பினாள், அவர் சண்டைக்கு வந்தார். நடுவில் இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள், அந்தச் சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை.

நான் பேக்கிங். என் மேசைக்கும் அக்கா மேசைக்கும் நடுவே ஒரு கம்பி வலைதான். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருக்கவும் எனக்கு நன்றாக வரும்.

முன்பெல்லாம் அக்கா சொன்னதுதான் அளவு. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தட்டுக்கு ஐந்து தண்டுகளைக் கைக்கு வந்தபடி எடுக்க வேண்டும். வயர் மாட்டிய மைக்ரோமீட்டரில் வைத்துப் பெடலை மிதித்தால் அளவு தானாக உள்ளே போய், திரையில் புள்ளியாக விழும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பச்சை விளக்கு, 'கட்டுக்குள் இருக்கிறது' என்று எழுத்து. கோட்டைத் தாண்டினால் சிவப்பு. உடனே மிஷின் நின்றுவிடும், 'காரணம்' என்று ஒரு பெட்டி திறக்கும். அதில் காரணத்தை எழுதாமல் மிஷின் மறுபடி ஓடாது. எழுதுவதை எல்லாரும் பார்க்கட்டும் என்று கேண்டீன் வாசலுக்கு மேலே பெரிய திரை வேறு. வந்த வாரமே ஆட்கள் "என்னப்பா, வீட்டுல கட்டுக்குள்ள இருக்கா?" என்று ஒருவரையொருவர் நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அத்தானின் புள்ளிகள் மெல்ல மெல்ல மேலே ஏறின. மிஷின் டயலை மூக்கால் படிப்பவர் போல முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்றார். எலக்ட்ரீஷியன் டியூப்லைட்டை மாற்றினான். மறுபடி போதவில்லை என்றார். மறுபடி மாற்றினான். "அத்தான், இனிமே சூரியனத்தான் கழட்டிக் கொண்டாந்து மாட்டணும்" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கேண்டீனில் அக்கா மெதுவாக ஆரம்பித்தாள்.

"கண் டாக்டர்கிட்ட ஒருதடவ போய்ட்டு வந்துடலாங்க."

"எதுக்கு? டயல்ல இருக்கிற கோடு அழிஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

"தட்டுல சோறு இல்லாத பக்கமா கையப் போட்டுத் துழாவுறீங்க."

"பசியில்ல."

கண் சரியில்லை என்று தெரிந்தால் மிஷினிலிருந்து இறக்கி, வாசலில் லாரிக்குக் கதவு திறக்கப் போட்டுவிடுவார்கள். கதவு திறப்பது கேவலம் இல்லை. ஆனால் அத்தானுக்கு அந்த மிஷினை விட்டால் பேச ஆளில்லை.

அக்கா அதன் பிறகு செய்ததை அவள் செய்வாள் என்று யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். வயர் இல்லாத பழைய மைக்ரோமீட்டர் ஒன்றை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். தட்டில் உள்ள எல்லாத் தண்டுகளையும் முதலில் அதில் அளந்தாள். தேறாததையெல்லாம் மேசைக்கு அடியில் டப்பாவில் போட்டாள். இருப்பதில் நல்லதாக ஐந்தைப் பொறுக்கி, அவற்றை மட்டும் கம்ப்யூட்டருக்குக் காட்டினாள். டீ குடிக்கப் போவதையும் விட்டாள். கெட்ட தண்டு ஒன்றுகூட என் பெட்டிக்குள் வரவில்லை. அந்த மட்டில் அவள் மைக்ரான்தான்.

புள்ளிகள் நடுக்கோட்டின் மேல் எறும்பு மாதிரி வரிசையாகப் போயின. அங்கேதான் வம்பு. கம்ப்யூட்டர் மஞ்சள் விளக்கைப் போட்டுக் கத்தியது: 'புள்ளிகள் நடுக்கோட்டை விட்டு நகரவில்லை. அளக்கும் முறையைச் சரிபார்க்கவும்.' கைக்கு வந்தபடி எடுத்து அளந்தால் புள்ளி கொஞ்சமாவது ஏறி இறங்கும் என்று அதற்குத் தெரியும். மேனேஜரும் இன்ஜினியரும் வந்து நின்றார்கள்.

"நல்லா இல்லன்னாலும் கத்துது, நல்லா இருந்தாலும் கத்துது. எங்க மாமியார் மாதிரி" என்றார் மேனேஜர். "அத அமத்துப்பா."

"சார், அது எதுக்குன்னா..." என்றார் இன்ஜினியர்.

"அமத்துப்பா."

அமத்தினார். அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவரைப் பம்புத் தண்டில் வீணாக்கக்கூடாது என்று, மேனேஜர் அடுத்த வாரத்திலிருந்து அத்தானைப் புது மிஷினில் போடச் சொல்லிவிட்டார். அதில் சுற்றுவது பெரிய சாணைக்கல். உருப்படியைக் கையால் உள்ளே கொடுக்க வேண்டும். விரலுக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு உயிரே இல்லை.

"முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"போடி, உனக்குப் பொறாமை."

பழைய மிஷினில் அவருக்கு அதுதான் கடைசி நாள். முதல் தட்டு வந்தது. அக்கா பையிலிருந்த மைக்ரோமீட்டரை எடுக்கவில்லை. தட்டைப் பார்க்காமலே கையை விட்டு ஐந்து தண்டுகளை எடுத்தாள். வைத்தாள், பெடலை மிதித்தாள். திரை சிவந்தது. அத்தானின் மிஷின் முனகிக்கொண்டே நின்றது. காரணப் பெட்டி திறந்தது.

அவள் ஒரே விரலால் எழுத்துத் தேடித் தேடித் தட்டினாள். கேண்டீன் திரையில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. டீ கிளாஸோடு இருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் டேப்பைக் கிழிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்த்து, அவரும் அண்ணாந்து பெரிய திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். இரண்டு அடி முன்னே போய் மறுபடி சுருக்கினார். அவ்வளவு பெரிய எழுத்து.

"என்னடி எழுதியிருக்க? படி."

அக்கா ஐந்து தண்டுகளையும் தட்டில் திருப்பி வைத்தாள்.

"படின்னா."

அவள் படித்தாள். "ஆபரேட்டருக்குக் கண் தெரியவில்லை. இத்தனை நாள் அளவை மறைத்தது அவர் மனைவி."

மற்றவர்களும் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசி ஆள்வரை கேட்டது. அத்தான் திரையிருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பலேர்ந்துடி மறைச்ச?"

"நீங்க மறைக்க ஆரம்பிச்சதுலேர்ந்துதாங்க" என்றாள் அக்கா.