சொடக்குத் தக்காளி விளக்கு

தெருவில் அவளுக்குக் காகிதக்கா என்று பேர். காகிதத்தில் விளக்குக் கூடு செய்வது தொழில், காரணமில்லாமல் முறைப்பது பழக்கம். பதினோரு வருஷமாக ஒரே அறையில் கூட உட்கார்ந்து வேலை செய்தவள் சொந்தத் தங்கச்சிதான். வடிவம் போடுவது அக்கா. ஈரக் காகிதத்தை மூங்கில் குச்சிமேல் சுருக்கம் விழாமல் ஒட்டுவது தங்கச்சி. அந்தக் கைவாகு அக்காவுக்கே வராது, ஆனால் வாயைத் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை.

போன மழைக்குப் பின்சுவர் ஓரம் சொடக்குத் தக்காளிச் செடி ஒன்று தானாக முளைத்தது. பழத்தைப் பொத்தி வைத்திருக்கும் காய்ந்த உறையைப் பார்த்ததும் அக்காவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஐந்து முகடு, குவிந்த வாய், வலை வலையாக நரம்பு. நாலு மாசம் வெட்டினாள், கிழித்தாள், காகிதத்தைத் திட்டினாள். கடைசியில் இரண்டு தாளுக்கு நடுவே நூலை வைத்து ஒட்டியதும் நரம்பு அச்சு அசலாக வந்தது. பல்பின் சூடு போகக் காம்புக்கடியில் ஓட்டையும் விட்டாள்.

அட்டையில் அச்சு வெட்டும்போது மட்டும் ஒரு தப்பு. ஐந்தாவது துண்டு நகக்கண் அளவு நீண்டுவிட்டது. திரும்ப வெட்டச் சோம்பல். மிச்சத்தை உள்ளே மடித்து ஒட்டிவிடு என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு நரம்புதான்.

வருஷக் கண்காட்சியில் மூன்று தடவை அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், பழைய வடிவம் என்று. இந்தத் தடவை எவன் சொல்வான் பார்க்கலாம் என்று விளக்கை மடியில் வைத்துப் பஸ்ஸில் போனாள். பதிவு மேஜையில் இருந்தவர், இதே மாதிரி ஒன்று நேற்றே வந்துவிட்டது, முதலில் வந்ததைத்தான் எடுப்போம் என்றார். அவளால் நம்ப முடியவில்லை. நேற்று வந்த அந்த விளக்கை வாங்கித் திருப்பினாள். ஐந்தாவது துண்டில் அதே மடிப்பு. அதில் ஒட்டியிருந்த சீட்டில் தங்கச்சி பேர்.

வீட்டு நாயாக இருந்தால்கூடக் குரைத்துவிட்டுக் கடித்திருக்குமே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

தங்கச்சி பசைக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஒரு விளக்குலயாவது என் பேரு இருக்கட்டும்னுதான்."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா சேர்த்திருப்பேனே."

"போன வருஷம் கேட்டேன். நீ சிரிச்ச."

அக்கா எவ்வளவோ யோசித்தாள். தங்கச்சி கேட்டது ஞாபகமே இல்லை. ஆனால் கேட்டிருந்தால் தான் சிரித்திருப்போம், அது தெரியும். அதற்காக இப்படியா, நாலு மாசத்தையும் சேர்த்தா தூக்கிக்கொண்டு போவது?

"அறைச் சாவியை வெச்சுட்டுப் போ," என்றாள்.

தங்கச்சி கையைத் துடைத்து, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். போகாதே என்று ஒரு வார்த்தை அக்காவின் வாய்வரை வந்தது. கடித்து விழுங்கிவிட்டாள்.