கொடுவாக் குஞ்சுகளுக்கு நான் வைத்த விரதம்

கொடுவா மீனுக்குப் பசி வந்தால் என்ன செய்யும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னார்கள்தான். என் காதில்தான் ஏறவில்லை.

சிக்கல் ஊருக்குத் தெற்கே இருந்த எங்கள் வயலில் உப்பு ஏறி, நெல் முளைப்பதே நின்றுபோயிருந்தது. துபாயிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அதில் குளம் வெட்டிக் கொடுவா மீன் வளர்ப்பது என்று முடிவு செய்தார். தேறினால் இங்கேயே இருந்துவிடுவார். தேறாவிட்டால் மறுபடி விமானம் ஏற வேண்டும். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் அந்தக் குஞ்சுகளை என் பிள்ளைகளைவிட அதிகமாகக் கவனித்தேன். பிள்ளைகளைக் கேட்டால் இன்றைக்கும் அந்தக் குறையைச் சொல்லுவார்கள்.

விரற்கடை நீளக் குஞ்சுகள் பாலிதீன் பைகளில் வந்தன. குளத்துக்குள் நாலு கம்பு ஊன்றி, கொசுவலை மாதிரி சன்னமான வலையைத் தொட்டிலாகக் கட்டி அதற்குள் விட்டோம். குஞ்சு கொண்டுவந்தவர் போகும்போது சொன்னார்: "அக்கா, இதுக வயித்தைக் காயவிட்டுறாதீக. மீனை அரைச்சு நேரா நேரத்துக்குப் போடணும். வாரம் ஒருக்கா பெருசு சிறுசு பிரிச்சு, வேற வேற வலையில விட்டுறணும்."

பெரியபட்டினத்தில் சாளை மீன் வாங்கிவந்து மிக்சியில் அரைத்துப் போட்டோம். தண்ணீரில் கையைத் தட்டினாலே ஓடிவந்து மொய்த்தன. பதினைந்து நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று.

அப்போது எங்கள் ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஊரோடு தங்க வேண்டும் என்று நான் முளைப்பாரி போடுவதாக நேர்ந்திருந்தேன். காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாள் வீட்டில் கவிச்சி கூடாது. மீன் வாடை பட்டால் முளைப்பாரி அழுகும் என்பார்கள். ஃப்ரிட்ஜில் இருந்த சாளையை எடுத்துக் குழிதோண்டிப் புதைத்தேன். மிக்சி ஜாரைப் புளி போட்டு மூன்று தடவை கழுவினேன்.

"அப்ப குஞ்சுக்கு என்ன போடுறது?" என்று அவர் கேட்டார்.

"கடலைப் புண்ணாக்கும் தவிடும் போடுங்க. எங்க ஊருக் கண்மாயில கெண்டை அதைத் தின்னுதான் கைத்தண்டி வளருது."

"அது கெண்டை, இது கொடுவா. வலையைத் தூக்கிப் பிரிக்கவும் வேணும்ல?"

"காப்புக் கட்டுன வீட்டுல மீனை அள்ளிக்கிட்டு இருப்பீகளா? எட்டு நாளுதான. அதுக்குள்ள செத்தா போயிரும்?"

அவர் புண்ணாக்கு வாங்கக் கிளம்பிவிட்டார். என் வாய்க்கு முன்னால் அவர் ஜெயித்ததே கிடையாது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கரையில் நின்று புண்ணாக்கை வீசினேன். வலைக்குள் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் துள்ளியது. சில குஞ்சுகள் இருமடங்கு ஆகியிருந்தன. நான் போனில் வீடியோ பிடித்தேன், பக்கத்தில் நின்ற அவரும் சிரித்தார். "எங்க வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் அழகு" என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

முளைப்பாரியைக் கரைத்த மறுநாள் காலை வலையைத் தூக்கினோம். அது லேசாக வந்தது.

"கிழிஞ்சிருக்குமோ?" என்றேன். எங்கேயும் கிழியவில்லை. பறவை கொத்தியிருக்குமா என்றால், மேலேயும் வலை போட்டு மூடியிருந்தோம். தண்ணீர் வடிய வடிய, அடியில் என் நடுவிரல் நீளத்தில் கொஞ்சம் குஞ்சுகள் துடித்தன. மற்றவை இல்லை. நான் வீசிய புண்ணாக்கு வலையின் மூலையில் புளித்துப்போய் அப்படியே கிடந்தது.

"இங்கன பாரு" என்று அவர் உள்ளங்கையை நீட்டினார்.

ஒரு குஞ்சு வாயைப் பிளந்திருந்தது. அந்த வாய்க்குள்ளிருந்து இன்னொரு குஞ்சின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றுவிட்டது. உள்ளே போனது செத்திருந்தது. விழுங்கியதற்குச் செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பிடித்திருந்த வலையை விட்டுவிட்டேன். கரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே பையில் வந்த குஞ்சுகள். வளர்ந்திருக்கிறது வளர்ந்திருக்கிறது என்று நான் ஊரெல்லாம் காட்டிய சதை, கூட வந்ததைத் தின்று வளர்ந்த சதை.

முளைப்பாரி மட்டும் ஊரிலேயே உயரமாக வந்திருந்தது. எனக்குக் கைராசி என்றார்கள்.

அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது முடித்திருப்பேன். மிஞ்சியவற்றைக் குளத்தில் விட்டார். அடுத்த மாதம் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார்.

அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. மெதுவாக ஓடவிட்டால் எல்லாம் தெரிகிறது. புண்ணாக்கு தொடுவாரில்லாமல் மிதக்கிறது. அதற்குக் கீழே ஒன்றை ஒன்று துரத்துகிறது, ஒன்றின் வாயில் வால் தெரிகிறது. கண்முன்னால் நடந்ததை நின்று படம் பிடித்திருக்கிறேன். எப்படிப் பார்க்காமல் போனேன் என்று ஒவ்வொரு தடவையும் என்னையே திட்டிக்கொள்கிறேன். ஆனாலும் அழிக்க முடியவில்லை. கடைசியில், தண்ணீர் துள்ளும் சத்தத்துக்கு மேலே, அவர் குரல் கேட்கிறது:

"இனி நான் எங்கிட்டும் போகமாட்டேன் புள்ள."