கிரீஸ் தின்ற கீசெயின்

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, துபாய் போவதற்கு முன்பு மரக்காணத்தில் ஓர் உப்பளத்துக் கொட்டகைச் சாவிகளை வைத்திருந்தான். இடுப்பில் வட்டமாக ஒரு ஸ்டீல் கீசெயின். இழுத்தால் சங்கிலி நீளும்; விட்டால் 'கிர்ர்ர்' என்று உள்ளே ஓடிவிடும். வேலையில்லாமலேயே இழுத்து இழுத்து விடுவான். அவன் வருவது ஆளுக்கு முன்னால் அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும்.

அவன் போனதும் சாவிகள் என்னிடம் வந்தன. கீசெயின் அவன் இடுப்போடு போய்விட்டது. நான் சாவிகளைச் சணலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வீடியோ காலில் பார்த்தவன், "இன்னா மாமா, கோயில் மாடு மாதிரி இருக்கீங்க" என்றான்.

கொஞ்ச நாளில் ஊர் திரும்பிய ஒருவர் மூலம் அவன் அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே ஒரு புதுக் கீசெயின். பையன்கள் ஸ்டைலுக்குப் போடும் தொளதொள டீஷர்ட் கம்பெனி ஒன்று, அந்தப் பழைய கீசெயின் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து கொஞ்சமே கொஞ்சம் விற்பனைக்குப் போட்டதாம். கறுப்பு உடம்பு, நடுவில் வெள்ளை எழுத்து. லீவு நாளில் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறான்.

"சத்தம் அதேதான் மாமா. கேட்டுட்டு சொல்லுங்க" என்றான் போனில்.

அதே கிர்ர்ர்தான். அன்று முழுக்க நான் பூட்டாத கதவையெல்லாம் திறந்தேன்.

எங்கள் பக்கம் இரும்பு என்று எது வந்தாலும் முதலில் அதற்கு எண்ணெய்க் குளியல். இல்லாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். எனக்குப் பிரியம் அதிகம் இல்லையா, எண்ணெயோடு நிற்கவில்லை. மோட்டாருக்கு வைத்திருந்த கிரீஸை வழித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல உள்ளே திணித்தேன். கிரீஸோடு உப்புத்தூளும் மண்ணும் சேர்ந்து உள்ளே குடித்தனம் வந்தன. இழுத்தால் வந்தது, திரும்பப் போகவில்லை. கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங் என் மூக்கில் அடித்துவிட்டுப் உப்புப் பாத்தித் தண்ணீரில் குதித்தது.

லீவில் வந்தவன் நேராக உப்பளத்துக்கே வந்தான். ஸ்பிரிங் இல்லாத சங்கிலியில் தொங்கிய சாவி முழங்காலில் மோத, வால் முளைத்தவன்போல எதிரே போய் நின்றேன்.

"இழுத்து வுடுங்க மாமா, கேக்கணும்."

"கிர்ர்ர்" என்றேன், வாயால்.

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கீசெயினைக் காதருகே வைத்து ஒருமுறை இழுத்தான். சங்கிலி சும்மா வந்தது.

"அங்க நான் என்னோடத இழுக்கிறதே இல்ல மாமா. ரூம்ல எல்லாரும் ஷிப்ட் முடிஞ்சு தூங்குவாங்க, திட்டுவாங்க. இங்கியாவது கேக்கட்டும்னுதான் வாங்குனேன்."

அவன் திரும்பிப் போய்விட்டான். கொட்டகை திறக்கப் போகும்போது நான் இன்னமும் வாயால்தான் கிர்ர்ர் என்கிறேன். உப்பு வாருகிறவர்கள் சட்டென்று நிமிர்ந்து பார்க்கிறார்கள். நான்தான் என்று தெரிந்ததும் குனிந்துகொள்கிறார்கள்.