கடைசிப் பத்து நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை மனைவி சுந்தரவல்லி கோயிலுக்குக் கிளம்பியதும் ஸ்ரீரங்கன் எழுந்து ஹாலின் திரைச்சீலையை இழுத்துவிடுவார். டிவியின் சத்தத்தைக் குறைப்பார். அன்றைக்குத்தான் வந்திருக்கும் கொலைத் தொடரின் புது சீசனில் நேராகக் கடைசிப் பகுதியான எட்டாவதுக்குப் போவார். அதிலும் முன்னால் இருப்பதை எல்லாம் தள்ளிவிட்டு, கொலைகாரனுக்கு விலங்கு மாட்டும் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பார்ப்பார். பிறகு டிவியை அணைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் பேப்பரைப் பிரிப்பார். புது சீசன் வந்தபோதெல்லாம் இதேதான் நடந்தது. தரை துடைக்கும் புஷ்பம் நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். துடைப்பவளுக்கும் கண் உண்டு என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவர் இன்சூரன்ஸ் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாடம்பாக்கத்தில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடியில் அவருக்கு வேறு பெயர் உண்டு: டிடெக்டிவ் சார். சனிக்கிழமை ஐந்து மணிக்கு அசோசியேஷன் அறையில் எல்லாரும் சேர்ந்து முதல் பகுதியைப் பார்ப்பார்கள். அதற்கு முன் யாரும் வீட்டில் பார்க்கக் கூடாது என்று வாட்ஸ்அப் குழுவில் கட்டளை போட்டவரும் அவர்தான். "சஸ்பென்ஸைக் கெடுக்கறவங்களை எனக்குப் பிடிக்காது" என்று எழுதியிருந்தார்.

அந்தத் தொடரில் சீசனுக்கு ஓர் ஊர், ஒரு பிணம், ஒரு கொலைகாரன். படம் ஓடிப் பத்து நிமிடம் ஆனதும் ஸ்ரீரங்கன் தொண்டையைச் செருமுவார். "எழுதி வெச்சுக்கோங்க. அந்த டியூஷன் வாத்தியார்தான்." அடுத்தடுத்த வாரங்களில் மற்ற பகுதிகளைப் பார்த்து முடிக்கும்போது வாத்தியார்தான் மாட்டுவான். மூன்று சீசனும் தப்பவில்லை. "எப்படி சார்?" என்று செகரட்டரி கிரீஷ் வாயைப் பிளப்பார். "முகம் சொல்லிடும், கிரீஷ். பார்க்கத் தெரியணும்." சொல்லிவிட்டு பஜ்ஜி எடுத்துக்கொள்வார். படித்தவர்கள், கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள், இதை நம்பினார்கள்.

நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. யார் காரில் கீறல் போட்டது, எந்தத் தண்ணீர் லாரிக்காரன் ஏமாற்றுகிறான் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் போனார்கள். போன மாதம் போர்வெல் மோட்டாரின் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்ரீரங்கன் கீழே இறங்கிவந்து, வாட்ச்மேன் துளசிங்கத்தை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டார். மேலே போய் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதினார்: "பேசும்போது மூக்கைத் தொட்டான். மூன்றாவது சீசன் கொலைகாரனும் இதே மாதிரிதான் தொட்டான். சந்தேகமே இல்லை." அதன் கீழே பதினேழு கட்டைவிரல்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் துளசிங்கத்தை அனுப்பிவிடுவது என்று பேச்சு.

துளசிங்கத்துக்கு வேலையும் வீடும் ஒன்று. படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை. அதில் அவரும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஜீவிதாவும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

"சளி புட்சிக்கினு கீது. மூக்கைத் தொடாம இன்னாம்மா பண்றது?" என்று வாசல் கேட்டருகே புஷ்பத்திடம் புலம்பினார்.

"அவுரு சொன்னா எல்லாம் நம்புதுங்கண்ணா."

"நீ அந்த வூட்லதானே கீற. நீயாச்சும் சொல்லேன், நான் அப்டியாப்பட்ட ஆளா?"

புஷ்பம் படியேறினாள். நாலு பேருக்கு முன் வாய் திறந்து அவளுக்குப் பழக்கமில்லை.

அந்தச் சனிக்கிழமை நான்காவது சீசன். அறை நிரம்பியிருந்தது. ஒருவர் தொடங்கும் முன்பே "போன சீசன் மாதிரி வராது" என்றார். இவர் போன சீசனின்போது அதற்கு முந்தையதைப் புகழ்ந்தவர். இன்னொரு அம்மாள் பிணத்தைப் பார்க்காமல், செத்தவள் வீட்டுச் சமையலறை மேடையின் நிறத்தை விமர்சித்தாள். சுந்தரவல்லி கொடுத்தனுப்பிய டீத் தட்டோடு புஷ்பம் சுவரோரம் நின்றாள்.

பத்து நிமிடம் ஆனது. செருமல் வந்தது. "எழுதி வெச்சுக்கோங்க. மருந்துக்கடைக்காரன்தான்."

திரையில் ஓர் எஸ்டேட் பங்களா, அதில் ஒரு கிழவியும் இரண்டு மருமகள்களும் மட்டுமே இருந்தார்கள்.

"எந்த மருந்துக்கடை, அங்கிள்?" என்றாள் மூன்றாம் மாடி மாளவிகா.

"வருவான். பொறுமையா பாரும்மா."

வரவில்லை. ஐம்பதாவது நிமிடத்தில் சின்ன மருமகளைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியது. கதை முடிந்துவிட்டது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாளவிகா போனைத் தடவினாள்.

"இந்த சீசன்ல ஒவ்வொரு எபிசோடும் தனித்தனிக் கதையாம், அங்கிள். மருந்துக்கடை எட்டாவதுலதான் வருது. டைட்டிலே அதுதான்." அவள் தலையை நிமிர்த்தினாள். "எட்டாவதை நீங்க எப்போ பார்த்தீங்க?"

"நான் எங்கம்மா பார்த்தேன்? ஒரு யூகம்..."

"நேத்து காலைல" என்றாள் புஷ்பம்.

குரல் சின்னதுதான். அறை அதைவிட அமைதியாக இருந்தது. "அம்மா கோயிலுக்குப் போனப்புறம். எப்பவும் அப்டித்தான். கடைசிய மொதல்ல பாத்துருவாரு. துளசிங்கண்ணன் கேஸ்லதான் கடைசி இன்னான்னு அவரு பாக்கல."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஸ்ரீரங்கன் எழுந்து, "ஒரு கதையை ஒழுங்கா எட்டு வாரம் சொல்லத் தெரியாதவன் எல்லாம் எடுக்க வந்துட்டான்" என்று திரையைத் திட்டிவிட்டு வெளியேறினார். இரவுக்குள் தொடருக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, "குப்பை. நேரத்தை வீணாக்காதீர்கள்" என்றும் எழுதிவிட்டார்.

மறுநாள் கூட்டத்தில்தான், எதிர் ஹார்டுவேர் கடையில் கேமரா இருக்கிறதே என்று கிரீஷுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக ஒருவருக்கும் வராத ஞாபகம். அதில் முகம் மூடிய இரண்டு பேர் கேபிளைச் சுருட்டி பைக்கில் வைத்துக்கொண்டு போனார்கள். துளசிங்கம் அப்போது கேட்டுக்கு வெளியே தண்ணீர் லாரிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் காட்டிய பதினேழு பேரில் ஒருவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. குழுவில் போட்ட கட்டைவிரலை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

புஷ்பத்தை நிறுத்தச் சொன்னார் ஸ்ரீரங்கன், சுந்தரவல்லி விடவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் பன்னிரண்டு மணிக்கு மேல் வரவேண்டும் என்று ஏற்பாடு. துளசிங்கம் அதே கேட்டில்தான் இருக்கிறார். ஸ்ரீரங்கனின் ஸ்கூட்டர் வந்தால் எழுந்து கேட்டைத் திறக்கிறார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி, மற்றொரு கையால் நிதானமாக மூக்கைத் தொட்டுக்கொள்கிறார்.